‘நரம்பை அமைதிப்படுத்தும் ஊசி’: ஒரு வாக்கியத்தின் வயது

போன வருஷம் அக்காவிடமிருந்து ஒரு போன். அவளுக்கு ஐம்பத்தி நாலு வயது. பள்ளி ஆசிரியை. எட்டு வருஷமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறாள். மூன்று மாதமாக வீட்டுக்குப் பக்கத்தில் அக்குபங்சர் போய்க்கொண்டிருந்தாள். ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது குறைந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், நடுவில் ஒன்றைச் சொன்னாள். ஊசி போடுகிறவர், “உங்க நரம்பு மண்டலம் சமநிலைக்கு வந்திடுச்சு, இனிமே மாத்திரை வேண்டாம்” என்றாராம். இவளும் நிறுத்தி இரண்டு வாரம் ஆகிவிட்டது.

“நீதான் எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பியே, இது சரியாடா?”

முதலில் போய் பி.பி. பார், மற்றதைப் பிறகு பேசலாம் என்றேன். 164/100. அன்றைக்கே டாக்டரைப் பார்த்து மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துவிட்டாள். பிரச்சினை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மறுநாள் மறுபடி கூப்பிட்டாள். “அப்போ எனக்குத் தூக்கம் வந்ததும் பொய்யா?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆறு மாதமாக ராத்திரி நேரங்களில் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். நான் மருத்துவன் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். ஒரு புரோகிராமில் எந்த வரி எப்போது, யாரால், எதற்காகச் சேர்க்கப்பட்டது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும் என்பது எங்கள் தொழிலில் உள்ள பழக்கம். அதே மாதிரி ‘அக்குபங்சர் நரம்பு மண்டலத்தை அமைதிப்படுத்தும்’ என்ற வரியை யார் எப்போது எழுதினார்கள் என்று தேடினேன். இரண்டாயிரம் வருஷத்துப் பழைய வரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நூறு வருஷம்கூட ஆகவில்லை.

பழைய நூல்களில் நரம்பு இல்லை

அக்குபங்சரின் மூல நூல் என்று சொல்லப்படுவது ‘ஹுவாங்டி நெய்ஜிங்’. ஹான் அரச காலத்தில், கி.மு. 2-1ஆம் நூற்றாண்டு வாக்கில் தொகுக்கப்பட்டது. உடம்பில் ‘சீ’ என்ற உயிர்ச்சக்தி ஓடும் பாதைகள், அவற்றின் மேல் ஊசி குத்தும் இடங்கள், கோபமும் பயமும் துக்கமும் அந்த ஓட்டத்தை எப்படிக் குலைக்கும் என்ற விளக்கங்கள் எல்லாம் அதில் உண்டு. மனசுக்கும் உடம்புக்கும் தொடர்பு உண்டு என்பதை அவர்கள் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள். ஆனால் நரம்பு என்ற கருத்து அங்கே கிடையாது.

அதற்கும் சற்று முந்தைய சாட்சி 1973-ல் கிடைத்தது. சாங்ஷா நகருக்குப் பக்கத்தில் மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168-ல் மூடப்பட்ட ஒரு கல்லறையில் பட்டுத்துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் இருந்தன. அவற்றில் பன்னிரண்டு பாதைகளுக்குப் பதில் பதினொன்றுதான். மூலிகையை எரித்துச் சூடு காட்டும் சிகிச்சை உண்டு, ஊசி இல்லை. ஆக, ‘மாறாத பழைய முறை’ என்று நாம் நினைப்பது ஆரம்பத்திலிருந்தே மாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

நரம்பு என்ற சொல் சீன எழுத்துக்குள் வந்த கதை இன்னும் சுவாரசியம். 1774-ல் ஜப்பானில் சுகிதா கென்பாகுவும் நண்பர்களும் ஒரு டச்சு உடற்கூறியல் நூலை மொழிபெயர்த்தார்கள். நரம்புக்கு அவர்களிடம் சொல் இல்லை. ‘உயிர், மனம்’ என்ற பொருளுள்ள எழுத்தையும், அக்குபங்சரின் பாதையைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்து ஒரு புதுச் சொல்லை உண்டாக்கினார்கள். சீன மொழியிலும் இன்றுவரை நரம்புக்கு அதே சொல்தான். ‘பாதைதான் நரம்பு’ என்று பின்னால் பலர் குழம்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

எதிர்த்திசையில் போனது ‘அக்குபங்சர்’ என்ற சொல். நாகசாகியில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த வில்லெம் டென் ரைன 1683-ல் லண்டனில் வெளியிட்ட லத்தீன் நூல் வழியாகத்தான் இது ஐரோப்பாவில் பரவியது. நாம் சொல்வது சீனச் சொல் இல்லை, லத்தீன்.

நரம்பு எப்படி உள்ளே வந்தது?

1822-ல் சீனப் பேரரசர் டாவ்குவாங் தன் அரண்மனை மருத்துவக் கழகத்தில் ஊசி சிகிச்சையை நிறுத்தச் சொன்னார். பேரரசர் உடம்பில் ஊசியும் நெருப்பும் படுவது தகாது என்பது காரணம். 1929-ல் நிலைமை இன்னும் மோசம். மரபு மருத்துவத்தையே ஒழிக்கவேண்டும் என்று அன்றைய அரசின் சுகாதாரக் குழு தீர்மானம் போட்டது. வைத்தியர்கள் ஷாங்காயில் கூடி எதிர்த்தார்கள், தீர்மானம் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அடி விழுந்துவிட்டது. இனி பிழைக்கவேண்டுமென்றால் நவீன அறிவியல் மொழியில் பேசியாகவேண்டும்.

அப்படிப் பேசியவர்களில் ஒருவர் செங் டான்-ஆன். 1931-ல் அவர் எழுதிய பாடநூல் புள்ளிகளை நவீன உடற்கூறியலோடு பொருத்தி விளக்கியது. பழைய தடித்த கருவிகள் போய், இன்று நாம் பார்க்கும் மயிரிழை ஊசி பரவியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

அடுத்தவர் ஜூ லியன். மேற்கத்திய முறையில் பயின்ற பெண் மருத்துவர், கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். யெனான் மலைப்பகுதியில், மருந்துத் தட்டுப்பாடு இருந்த போர்க்காலத்தில் ஊசி சிகிச்சையைக் கற்றுக்கொண்டார். 1951-ல் ‘புதிய அக்குபங்சர்’ என்ற நூலை வெளியிட்டார். அதில் ‘சீ’யை ஓரம் கட்டிவிட்டு நேரடியாகச் சொன்னார்: ஊசி வேலை செய்வது நரம்பு மண்டலத்தைத் தூண்டி ஒழுங்குபடுத்துவதால்தான், அதற்குத் தலைமை பெருமூளைப் புறணி. சோவியத் செல்வாக்கில் பாவ்லவ் கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஊசி போடும் முறைகளையும் இரண்டாகப் பிரித்தார். பலமாக, நீண்ட நேரம் தூண்டினால் நரம்பு அடங்கும். லேசாக, கொஞ்ச நேரம் தூண்டினால் நரம்பு எழும். ஒன்று அடக்கும் முறை, மற்றது எழுப்பும் முறை.

நான் தேடிய வரி இதுதான். அக்காவுக்கு ஊசி போட்டவர் சொன்ன வாக்கியம் ஏறக்குறைய இந்த நூலில் உட்கார்ந்திருக்கிறது. வரி எழுதப்பட்டபோது அதற்குப் பின்னால் பெரிய பரிசோதனைகள் ஏதும் இல்லை. ஒரு பழைய சிகிச்சையைப் பொருள்முதல்வாத அரசு ஏற்றுக்கொள்ளும் மொழியில் சொல்லவேண்டிய தேவை இருந்தது. அதனால் அது தப்பு என்று ஆகிவிடாது; சோதிக்கப்படாத ஒரு கருதுகோள், அவ்வளவுதான்.

பிறகு காற்று மாறியது. 1956-ல் அரசே மரபு மருத்துவக் கல்லூரிகளைத் தொடங்கியது, பாடநூல்களில் ‘சீ’ திரும்பி வந்தது. நரம்பு விளக்கமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாகவே உலகம் சுற்றின. இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்த முன்னோடி டாக்டர் பி.கே. பாசு. 1938-ல் கோட்னிஸோடு சீனா போன இந்திய மருத்துவக் குழுவில் இருந்தவர். 1950-களின் பிற்பகுதியில் மறுபடி போய் அக்குபங்சர் கற்று வந்து கல்கத்தாவில் ஆரம்பித்தார். நம் ஊர் கிளினிக்குகளில் ‘சக்தி ஓட்டம்’, ‘நரம்பு மண்டலம்’ இரண்டும் ஒரே மூச்சில் பேசப்படுவதை இப்போது கேட்டால் எனக்கு அந்த 1950-கள்தான் ஞாபகம் வருகிறது.

மன அழுத்தம் என்பது தனிக் கதை

இதே காலத்தில், உலகத்தின் இன்னொரு மூலையில், மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே எலிகளை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். குளிர், காயம், விஷம் என்று எந்தக் கஷ்டம் கொடுத்தாலும் எலிகளின் உடம்பில் ஒரே மாதிரி மூன்று மாற்றங்கள்: அட்ரீனல் சுரப்பி வீங்குகிறது, தைமஸ் சுருங்குகிறது, வயிற்றில் புண் வருகிறது. 1936-ல் ‘நேச்சர்’ இதழில் இதை ஒரு சின்னக் கடிதமாக வெளியிட்டார். இன்று நாம் வாய்க்கு வாய் சொல்லும் ‘ஸ்ட்ரெஸ்’ இங்கிருந்து வளர்ந்ததுதான்.

மூளையின் ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரீனலுக்குச் சொல்ல, அட்ரீனல் கார்ட்டிசோலைச் சுரக்கும். இன்னொரு பக்கம் பரிவு நரம்புகள் இதயத்தை வேகமாக்கி, ரத்தக் குழாய்களை இறுக்கும். ஆபத்து போனதும் இரண்டும் அடங்கவேண்டும். வேகஸ் நரம்பு அந்தப் பக்கத்து ஆள், இதயத்தை நிதானப்படுத்தும். ஆபத்து போகாமல் மாசக்கணக்கில் நீடித்தால் (கடன், அதிகாரி, ராத்திரி இரண்டு மணிக்கு வரும் புரொடக்ஷன் கால்) இந்த ஏற்பாடு அணையாமலே ஓடும். நாள்பட்ட மன அழுத்தம் என்பது இதுதான்.

ஆக, கேள்வியைத் துல்லியமாக்கினால்: தோலில் குத்தும் ஊசி, ஓடிக்கொண்டிருக்கும் இந்த ஏற்பாட்டை இறக்குமா?

முயலும் காதும்

முதலில் சோதிக்கப்பட்டது அழுத்தம் இல்லை, வலி. பீக்கிங்கில் உடலியலாளர் ஹான் ஜிஷெங் 1965-ல் இந்த வேலையை ஆரம்பித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஊசி போட்டால் உடம்பின் மற்ற இடங்களிலும் வலி தாங்கும் அளவு மெல்ல மெல்ல உயர்ந்தது. ஊசியை எடுத்தபின் மெல்ல மெல்ல இறங்கியது. அந்த இடத்தை முன்கூட்டியே மரத்துப்போக வைத்தால் ஒன்றும் நடக்கவில்லை. அதாவது செய்தி நரம்பு வழியாகத்தான் போகிறது. அடுத்து, ஊசி போட்ட முயலின் மூளைத் தண்டுவட நீரை எடுத்து, ஊசி போடாத முயலுக்குச் செலுத்தினார். அதற்கும் வலி குறைந்தது! ஏதோ ஒரு ரசாயனம் இருக்கவேண்டும்.

மேற்குலகம் திரும்பிப் பார்த்தது 1971-ல். நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பீக்கிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. மயக்கமருந்துக்குப் பதிலாக ஊசி குத்தி அறுவை செய்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள், தவறு. அறுவை வழக்கமான மருந்தோடுதான் நடந்தது. பிறகு வந்த வயிற்று உப்புசத்துக்கே ஊசி.

1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் மூளை தானே சுரக்கும், அபின் போன்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். 1976-ல் டொரன்டோவில் புரூஸ் பொமரான்ஸ் எலிகளில் காட்டினார்: அபினைத் தடுக்கும் நலோக்சோன் மருந்தைக் கொடுத்தால் ஊசியின் வலி நிவாரணமும் நின்றுபோகிறது. ஜூ லியனின் கருதுகோளில் ஒரு பகுதிக்கு இருபத்தைந்து வருஷம் கழித்து ஆதாரம் வந்தது.

‘அமைதி’க்கு வழி தற்செயலாகத் திறந்தது. 1972-ல் ஹாங்காங் நரம்பியல் அறுவை மருத்துவர் எச்.எல். வென், அபினுக்கு அடிமையான ஒரு நோயாளிக்கு மின்சாரம் சேர்த்து ஊசி போட்டபோது, போதை இல்லாமல் வரும் நடுக்கமும் தவிப்பும் அடங்கியதைப் பார்த்தார். செய்தி நியூயார்க்கின் தென் பிராங்க்ஸில் உள்ள லிங்கன் மருத்துவமனைக்குப் போனது. அங்கே அது காதில் ஐந்து ஊசி என்ற முறையாக உருவெடுத்தது. ஒரு ஹாலில் எல்லோரும் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். முப்பது, நாற்பத்தைந்து நிமிஷம். ஐந்தில் ஒரு புள்ளிக்குப் பெயரே பரிவு நரம்பின் பெயர்தான். காதின் ஒரு பகுதிக்கு வேகஸ் நரம்பின் கிளை வருகிறது என்பதும் உடற்கூறியல் உண்மை. விளக்கம் கச்சிதமாகப் பொருந்தியது.

ஆனால் 2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. கோகெய்ன் பழக்கமுள்ள 620 பேர். ஒரு குழுவுக்குச் சரியான காதுப் புள்ளிகள், ஒரு குழுவுக்கு வேறு இடங்களில் ஊசி, ஒரு குழுவுக்கு ஊசியே இல்லாமல் மனதை அமைதிப்படுத்தும் வீடியோ. கோகெய்னை விடுவதில் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்ப்பது

பக் எங்கே என்று தெரியாதபோது நாங்கள் செய்வது இதுதான். ஒரு பகுதியை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்ப்போம். அப்படியும் வேலை செய்தால் அந்தப் பகுதி காரணம் இல்லை. அக்குபங்சர் ஆய்வில் இதற்குப் பெயர் போலி ஊசி. 1998-ல் ஹைடல்பெர்க்கில் ஷ்ட்ரைட்பெர்கர் செய்த ஊசி, சினிமாக் கத்தி மாதிரி கைப்பிடிக்குள் போய்விடும். நோயாளிக்குக் குத்திய மாதிரியே இருக்கும்.

ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1162 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பலன் கண்டவர்கள், சரியான புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம். தவறான இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2. வழக்கமான சிகிச்சையில் 27.4. இதைப் பார்த்துவிட்டு நான் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு காபி போட்டுக்கொண்டு வந்தேன். ஊசி வழக்கமான சிகிச்சையை நன்றாகவே ஜெயிக்கிறது. ஆனால் புள்ளி எங்கே என்பது பெரிய வித்தியாசம் தரவில்லை.

எலிகளில் கதை வேறு. 2013-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் லடன் எஷ்கேவரி குழு, எலிகளைத் தினமும் குளிரில் வைத்தது, ஏறக்குறைய செல்யே பாணியில். முழங்காலுக்குக் கீழே உள்ள ‘வயிறு 36’ என்ற புள்ளியில் மின் ஊசி போட்ட எலிகளில் அழுத்த ஹார்மோன்கள் ஏறவில்லை. போலி இடத்தில் போட்டவற்றில் அந்தப் பாதுகாப்பு இல்லை. 2021-ல் ஹார்வர்டில் சியுஃபு மா குழு இன்னும் ஆழமாகப் போனது. அதே கால் பகுதியில் குறைந்த மின்சாரம் கொடுத்தால் வேகஸ் வழியாக அட்ரீனல் தூண்டப்பட்டு அழற்சி குறைகிறது. வயிற்றில் கொடுத்தால் இல்லை. காலின் ஆழமான சவ்வில் முடியும் ஒரு குறிப்பிட்ட வகை நரம்பணுக்களை நீக்கிவிட்டால் காலிலும் வேலை செய்யவில்லை. இடமும் நரம்பும் முக்கியம் என்று இது சொல்கிறது. ஆனால் அது சுண்டெலி, மின்சாரம் சேர்த்தது, அளந்தது அழற்சியை.

மனிதர்களில் எனக்குப் பிடித்தது 2000-ல் பாஸ்டனில் காதலீன் ஹுயி செய்த ஸ்கேன் ஆய்வு. ஆரோக்கியமான 13 பேர், கையில் ஊசி. கனமான, மந்தமான அந்த ‘ஊசி உணர்வு’ கிடைத்த 11 பேருக்கு, பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா உள்ளிட்ட பகுதிகளில் செயல்பாடு குறைந்தது. வலி எடுத்த இரண்டு பேருக்கு அதிகரித்தது. பதின்மூன்று பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊசி என்றதும் பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருகிறவருக்கு அமைதி வராது என்பது அனுபவத்துக்கும் ஒத்துவருகிறது.

இன்னொன்று, 2008-ல் டெட் காப்சக் குழுவின் ஆய்வு. குடல் எரிச்சல் நோயுள்ள 262 பேர். மன அழுத்தத்தோடு கைகோத்து நடக்கும் வியாதி இது. முதல் குழுவைக் காத்திருக்கச் சொன்னார்கள்: 28 சதவீதம் பேருக்கு நிவாரணம். இரண்டாம் குழுவுக்கு அதிகம் பேசாமல் போலி ஊசி: 44. மூன்றாம் குழுவுக்கு அதே போலி ஊசி, கூடவே உட்கார்ந்து பரிவோடு விசாரித்துக் கேட்கும் ஒருவர்: 62. உண்மையான ஊசி முதல் கட்டத்தில் யாருக்கும் கிடையாது.

அக்காவின் கேள்விக்கு

பி.பி.க்கும் நேரடி ஆய்வுகள் உண்டு. 2006-ல் அமெரிக்காவில் 192 பேரிடம் நடந்ததில், மேல் அளவு உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் ஒரே மாதிரி 4 புள்ளி வாக்கில் குறைந்தது. 2007-ல் ஜெர்மனியில் 160 பேருக்கு ஆறு வாரத்தில் 22 தடவை ஊசி போட்டதில், நாள் முழுக்க அளந்த சராசரி 5 புள்ளி சொச்சம் இறங்கியது. சிகிச்சை நின்ற மூன்றாம் மாதம் பார்த்தபோது பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அக்காவின் 164-ஐ இந்தக் கணக்கில் எங்கே கொண்டுபோய் வைப்பது? நாலோ ஐந்தோ புள்ளியை நம்பி மாத்திரையை நிறுத்த முடியாது.

ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. தூக்கம் பொய்யா என்று கேட்டாள்.

போன மாதம் ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். தூக்கம் பொய்யே இல்லை அக்கா, என்றேன். தோலில் குத்தும் ஊசி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது, அதற்குச் சாட்சி இருக்கிறது. வாரம் ஒரு நாள் போன் இல்லாமல், யாரும் கூப்பிடாமல், அரைமணி நேரம் படுத்திருப்பதும், ஒருத்தர் நாடியைப் பிடித்து “எப்படி இருக்கீங்க” என்று கேட்பதும் அதே நரம்பு மண்டலத்துக்குத்தான் போகிறது. இவற்றில் எது எத்தனை பங்கு என்று இன்னும் யாராலும் பிரித்துக் காட்ட முடியவில்லை. உன் உடம்புக்கு அந்தப் பிரிவினை தேவையும் இல்லை. ஆனால் நரம்பு அமைதியாவது ஒரு விஷயம். எட்டு வருஷமாக ஏறிய ரத்த அழுத்தம் குணமாவது இன்னொரு விஷயம். அவர் முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதைச் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், “ஸ்கூல்ல முப்பது வருஷமா அத்தனை பேரை நான் விசாரிச்சிருக்கேன். என்னை உட்கார வெச்சு விசாரிச்சது அந்த ஆள்தான்டா” என்றாள்.

நான் இரண்டு தெரு தள்ளி இருந்திருந்தால் விசாரித்திருப்பேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பெங்களூரிலிருந்து போன் செய்யும்போதுகூட பாதி நேரம் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவேன்.

இப்போது மாத்திரையும் சாப்பிடுகிறாள், சனிக்கிழமை ஊசிக்கும் போகிறாள். அவரிடம் மாத்திரைப் பேச்சை எடுக்கக்கூடாது என்று கண்டிஷன் போட்டிருக்கிறாளாம். போன வாரம் 132/84. ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பை மூடிவிட்டு அவளுக்குப் போன் செய்கிறேன்.